உஷார்! பிரேக் பிடிக்க வேண்டிய இடம் வளைவுக்கு முன்னால்

வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் பைக் வைத்திருக்கிற ஒவ்வொருவரும், அவர்களைவிட முக்கியமாக, வீட்டில் பைக் ஓட்டுகிற பிள்ளை இருக்கிற ஒவ்வொருவரும் இதை நின்று நிதானமாகப் படிக்க வேண்டும். நேர் ரோட்டில் அறுபதில் வருவது, வளைவு கண்ணில் பட்ட பிறகும் ஆக்சிலேட்டரை விடாமல் இருப்பது, பாதி வளைவில் பயந்துபோய் பிரேக்கை மிதிப்பது. இந்தப் பழக்கம் நம் பிள்ளைகளிடம் பரவிக் கிடக்கிறது. எதிரே யாரும் வராத வரைக்கும் தப்பித்துக்கொள்கிறார்கள். தப்பித்ததையே திறமை என்று எண்ணிக்கொள்கிறார்கள். மழையும் அறுவடையும் வந்துவிட்டால் அந்தத் தப்பித்தலுக்கு உத்தரவாதம் கிடையாது.

நம் ரோடுகள் எப்படிப்பட்டவை என்று முதலில் பாருங்கள். புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள். ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் அவற்றில் பெரியவை. இந்த ஏரிகளின் கரைகளையும், அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால் போன்ற வாய்க்கால்களின் ஓரங்களையும், வயல் வரப்புகளையும் ஒட்டித்தான் கிராமத்து ரோடுகள் பெரும்பாலும் போகின்றன. மாட்டு வண்டி போன தடத்தின் மேலே ஜல்லி கொட்டித் தார் ஊற்றியதுதான் பல இடங்களில் நடந்தது. இத்தனை கிலோமீட்டர் வேகத்துக்கு இவ்வளவு அகலமான வளைவு என்று கணக்குப் போட்டு அமைத்த ரோடுகள் இல்லை இவை. வரப்பு எங்கே முறிகிறதோ அங்கே ரோடும் முறியும். கரும்புக் கொல்லைக்கும் சவுக்குத் தோப்புக்கும் பின்னால் அந்த முறிவு ஒளிந்திருக்கும். வெளிப்பக்கம் ஏரியோ வாய்க்காலோ, இல்லாவிட்டால் மதகின் கைப்பிடிச் சுவரோ காத்திருக்கும்.

இன்னொரு விஷயம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. புதுச்சேரியின் கிராமங்கள் ஒரே துண்டாக இல்லை. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் நடுவே துண்டு துண்டாகக் கிடக்கின்றன. வில்லியனூரிலிருந்து உள்ரோடுகளைப் பிடித்து மடுகரை, கரையாம்புத்தூர், பாகூர் என்று போகிறவர் எத்தனை முறை மாநிலம் மாறுகிறார் என்பது அவருக்கே தெரியாது. ஆனால் வண்டிக்குத் தெரியும். ஒரு பக்கம் புதுத் தார் வழுவழுப்பாக வரும். எல்லை தாண்டினால் கப்பி பெயர்ந்து, பொடி ஜல்லி உருண்டு கிடக்கும். சில இடங்களில் இந்த மாற்றம் சொல்லிவைத்தாற்போல் வளைவிலேயே அமைந்துவிடுகிறது. நல்ல தாரை நம்பிச் சாய்த்த வண்டி ஜல்லியின் மேல் போய் இறங்குகிறது.

இப்போது கணக்கைக் கேளுங்கள். முப்பது மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவை வைத்துக்கொள்வோம். கிராமத்து ரோட்டில் இது சாதாரணம். 36 கிலோமீட்டர் வேகத்தில் அதில் திரும்ப வண்டி சுமார் 19 டிகிரி சாய்ந்தால் போதும். 54 கிலோமீட்டரில் போனால் சுமார் 37 டிகிரி சாய வேண்டும். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியிருக்கிறது. டயர் தாங்க வேண்டிய பக்கவாட்டு விசையோ இரண்டேகால் மடங்கு ஆகிவிடுகிறது. நம் ஊரில் ஓடுகிற 100 சிசி, 125 சிசி வண்டிகளில் அந்தச் சாய்வுக்குக் கால் வைக்கும் கம்பியே தரையில் உரசலாம். மணல் படிந்த தாரில் அவ்வளவு பிடிப்பு கிடைக்கவே கிடைக்காது. ஐம்பத்துநான்கு என்பது நம் பையன்களுக்கு ஒரு வேகமே இல்லை என்பதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

டயருக்கு இருக்கும் பிடிப்பு ஒரே மதகிலிருந்து இரண்டு வாய்க்காலுக்குப் பிரிகிற தண்ணீர் மாதிரி. ஒரு வாய்க்கால் திரும்புவதற்கு, இன்னொன்று நிற்பதற்கு. நன்றாகச் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும்போது கிட்டத்தட்ட எல்லாத் தண்ணீரும் முதல் வாய்க்காலில் போய்விடுகிறது. அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தினால் கொடுப்பதற்கு டயரிடம் ஒன்றும் மிச்சமில்லை. பின் பிரேக்கை மிதித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வெளியே வழுக்கும். முன் பிரேக்கை இறுக்கினால் வண்டி நிமிர்ந்துகொண்டு நேராக வாய்க்காலைப் பார்த்து ஓடும். அதற்கும் மேலே இறுக்கினால் முன்சக்கரம் படுத்துவிடும். அதற்குப் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அதனால்தான் சொல்கிறேன், பிரேக் வேலை முழுவதும் வண்டி நேராக நிமிர்ந்து நிற்கும்போதே முடிந்துவிட வேண்டும். வளைவு தெரிந்ததும் ஆக்சிலேட்டரை விடுங்கள். முன், பின் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். ஒரு கியர் இறக்குங்கள். கிளட்சை முழுக்க விட்டுவிடுங்கள். கிளட்சைப் பிடித்துக்கொண்டே வளைவில் உருளுவது இங்கே நிறையப் பேருக்கு இருக்கிற கெட்ட பழக்கம், அதில் இன்ஜின் பிடி போய்விடுகிறது. பிறகு திரும்புங்கள். வளைவுக்குள் ஆக்சிலேட்டரை மெதுவாக, ஒரே சீராகத் திறந்து வைத்திருங்கள். வளைவின் முடிவு தெரிந்த பிறகே வேகம் கூட்டுங்கள். நுழையும்போது ‘ரொம்ப மெதுவாக வந்துவிட்டோமோ’ என்று தோன்றினால் அதுதான் சரியான வேகம்.

எவ்வளவு மெதுவாக? எவ்வளவு தூரம் ரோடு கண்ணுக்குத் தெரிகிறதோ அதற்குள் நிற்க முடிகிற வேகம். ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போய் வேலை ஆரம்பிக்கவே ஒன்றரை விநாடி ஆகிவிடலாம். காய்ந்த தாரில், சராசரி கைக்கு, 40 கிலோமீட்டரில் வருகிற வண்டி எல்லாம் சேர்த்து நிற்க 27 மீட்டர் போல ஆகும். 60-ல் வந்தால் 48 மீட்டரைத் தாண்டும். புதர் மறைக்கிற வளைவில் முப்பது மீட்டர்தான் தெரியும் என்றால் நாற்பதே அதிகபட்சம். மழையில் அதற்கும் கீழே.

லைசென்ஸ் எடுத்தவனுக்கு இதெல்லாம் தெரியாதா என்று கேட்பார்கள். தெரியாது. நம் லைசென்ஸ் தேர்வில் ‘எட்டு’ போடச் சொல்கிறார்கள். நடை வேகத்தில், கால் ஊன்றாமல் எட்டு வடிவத்தில் சுற்றிவந்தால் பாஸ். அந்த வேகத்தில் இடது பக்கம் போக ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்புகிறோம், வண்டி போகிறது. ஐம்பதில் போகும்போது விஷயமே வேறு. அப்போது வண்டியை இடது பக்கம் சாய்க்க வேண்டுமானால் இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ள வேண்டும். சக்கரம் ஒரு கணம் எதிர்ப்பக்கம் அசையும், வண்டி இடது பக்கம் சாயும், திரும்பும். சைக்கிள் ஓட்டிப் பழகிய எல்லாரும் தெரியாமலே இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். ஆனால் தெரியாமல் செய்வது பயம் வரும்போது கைவிட்டுவிடும். பயந்தவன் இரண்டு கைகளையும் விறைத்துக்கொள்கிறான், இரண்டு கைப்பிடியும் ஒன்றை ஒன்று இழுக்கிறது, வண்டி திரும்ப மறுக்கிறது. ‘வண்டி வளையவே இல்லைங்க’ என்று விழுந்தவர்கள் சொல்வது பொய்யில்லை. வளையவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது அவர்களுடைய கைதான்.

இதைப் பழகிக்கொள்ள ஒரு காலைப் பொழுது போதும். ஆள் நடமாட்டமில்லாத, சுத்தமான, நீளமான நேர் ரோட்டில் முப்பது முப்பத்தைந்து வேகத்தில் போங்கள். ஹெல்மெட் தலையில் இருக்கட்டும், பின்னால் யாரும் வேண்டாம். முழங்கையைத் தளர்த்திவிட்டு வலது கைப்பிடியை உள்ளங்கையால் மிக மெதுவாக முன்னால் அழுத்துங்கள். வண்டி வலது பக்கம் நகருவதைக் கவனியுங்கள். அழுத்தத்தை விட்டால் நிமிர்ந்துவிடும். இடது பக்கமும் அப்படியே. கை இதைத் தெரிந்துகொண்டால், எதிர்பாராமல் வளைவு இறுகும்போது பிரேக்குக்குப் போகாமல் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் தள்ளத் தோன்றும். வண்டியால் பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் சாய முடியும். ஓட்டுகிறவரின் பயம்தான் அதைத் தடுக்கிறது.

கண்ணும் அப்படித்தான். பயந்தவன் பார்ப்பது வாய்க்காலை, பனைமரத்தை, எதிரே வருகிற டிராக்டரை. பார்க்கிற இடத்துக்கே வண்டி போகும். தலையைத் திருப்பி, வளைவு முடிந்து ரோடு நேராகிற இடத்தைப் பார்க்க வேண்டும். கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டினால் போதாது.

அமெரிக்காவில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் தலைமையில் சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை விபத்து நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, 1981-ல் அறிக்கை வெளியிட்டார்கள். வேறு வண்டி சம்பந்தப்படாமல் தானாக விழுந்தவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஓட்டியவரின் தவறே காரணம் என்றது அது. பிரேக்கை அதிகமாக அழுத்தி வழுக்கி விழுந்தது, அதிக வேகத்தில் வந்து வளைவுக்கு வெளியே ஓடியது, போதுமான அளவு சாய்க்காமல் விட்டது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய, வேறு கண்டத்து ஆராய்ச்சி. பாகூர் ஏரிக்கரையில் விழுகிறவர்களைப் பார்த்து எழுதிய மாதிரியே இருக்கிறது.

இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை. செல்போனில் வீடியோ பார்த்து வளைவு எடுக்கக் கற்றுக்கொள்கிற பிள்ளைகளே, அதில் சொல்லித்தருகிற ‘வெளியே, உள்ளே, வெளியே’ என்கிற பாதையை நம் ரோட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை மாதிரியான பந்தயத் தடத்துக்கானது. அங்கே எல்லா வண்டியும் ஒரே திசையில் போகும், வெளியே ஓடினால் விழுந்து எழ இடம் இருக்கும், உடம்பு முழுக்கத் தோல் உடை இருக்கும். நம் கிராமத்து ஒற்றைத் தட ரோட்டின் அகலம் 3.75 மீட்டர். பஸ்ஸின் அகலமே இரண்டரை மீட்டர். மிச்சம் ஒன்றேகால் மீட்டர். அதுதான் உங்கள் பாதை. அழகாக வளைவு எடுப்பதற்காக எதிர்ப்பக்கம் போனால், வளைவுக்குப் பின்னாலிருந்து வருகிற டவுன் பஸ்ஸுக்கு விலக இடமே இல்லை.

இடது வளைவில் நீங்கள் உள்பக்கம் இருக்கிறீர்கள். மரமும் புதரும் மிக அருகே மறைப்பதால் பார்வை மிகக் குறைவு, வேகம் மிஞ்சினால் வண்டி எதிர்த்தடத்துக்குள் போகும். எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் வந்தால் அதன் டிரெய்லர் வளைவின் உள்பக்கத்தை, அதாவது உங்கள் பக்கத்தைத்தான் வெட்டிக்கொண்டு வரும். வலது வளைவில் வேகம் மிஞ்சினால் இடது ஓரத்து மண்ணில் இறங்குவீர்கள், அதற்கப்புறம் ஏரி. அதோடு வலது பக்கம் சாயும்போது சக்கரம் உங்கள் பக்கமே இருந்தாலும் தலையும் தோளும் நடுக்கோட்டைத் தாண்டிவிடும். எதிரே வருகிற வண்டியின் கண்ணாடி வருவது உங்கள் தலை உயரத்தில்தான். வளைவுக்கு முன் ஹாரன் அடியுங்கள், இரவில் டிம், டிப் போடுங்கள். அது வெட்கப்படுகிற விஷயமில்லை.

சம்பா அறுவடைக்கு வருகிறேன், இது என் பெரிய கவலை. தையிலிருந்து ரோடே களம் ஆகிவிடுகிறது. நெல் காயப்போடுகிறார்கள், வண்டி ஏறி மிதிபடட்டும் என்று வைக்கோலைப் பரப்புகிறார்கள். களம் இல்லாத விவசாயியின் கஷ்டம் எனக்குப் புரிகிறது, அவரைத் திட்டுவதற்கு இதை எழுதவில்லை. ஆனால் வளைவில் பரப்பிய நெல் என்பது தாரின் மேல் உருளுகிற ஆயிரம் சின்ன உருளைகள். அதன் மேல் சாய்ந்தபடி ஏறிய டயருக்குப் பிடிப்பு கிடையாது. வைக்கோல் இன்னும் மோசம். மேலே காய்ந்து தெரியும், பனியில் அடிப்பக்கம் ஈரமாக ஒட்டிக்கிடக்கும். நெல் காய்கிற இடத்தின் ஓரத்தில் குவியல் கலையாமல் இருக்கக் கருங்கல் அடுக்கியிருப்பார்கள். சாயங்காலம் நெல்லை வாரிக்கொண்டு போவார்கள், கல் கிடக்கும். இருட்டில் வருகிறவன் அதில்தான் ஏறுகிறான். காயப்போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் நேர் ரோட்டில், ஒரு பக்கமாகப் போடுங்கள், கல்லை அன்றன்றே எடுத்துவிடுங்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னால் கேட்பார்கள். கொம்யூன் பஞ்சாயத்துகள் கிராமத்துக்கு ஒரு உலர்களமாவது ஒழுங்காக வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

நெல்லின் மேல் எதிர்பாராமல் ஏறிவிட்டால் வண்டியை நிமிர்த்துங்கள். பிரேக், ஆக்சிலேட்டர் இரண்டையும் அசைக்காமல், கிளட்சைத் தொடாமல், நேராக ஓடவிடுங்கள். சுத்தமான தார் வந்த பிறகே மறுபடி சாயுங்கள்.

மணலும் இதே கதை. டிப்பரும் டிராக்டரும் சிந்துகிற மணலை மற்ற வண்டிகளின் சக்கரம் ஒதுக்கி ஒதுக்கி வளைவின் வெளி ஓரத்திலும் நடுவிலும் சேர்த்துவிடுகிறது. வேகம் மிஞ்சி வெளியே ஓடுகிறவன் போய்ச் சேருகிற இடம் துல்லியமாக அந்த வெளி ஓரம்தான். 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து வந்த தண்ணீரில் தென்பெண்ணை பொங்கி, பாகூர்ப் பக்கத்துக் கிராமங்கள் மூழ்கின. வெள்ளம் வடிந்தால் ரோடு திறந்துவிட்டது என்று கிளம்பிவிடுகிறோம். வண்டல் மெல்லிய தோலாகத் தாரின் மேல் படிந்திருக்கும், ஓரத்து மண் அரித்துப்போய்த் தாரின் விளிம்பு அந்தரத்தில் நிற்கும். வெள்ளம் வடிந்த ரோட்டின் வளைவில் இருபதுக்கு மேல் போகாதீர்கள்.

டயரைப் பாருங்கள். தேய்மானத்தைக் காட்டும் சின்ன மேடு பட்டையோடு சமமாகிவிட்டால் அந்த டயர் முடிந்தது. வழுக்கை டயரில் இன்னும் ஒரு மழைக்காலம் ஓட்டலாம் என்று கணக்குப் போடுவது உயிரோடு விளையாடுவது. செயின் உறையிலோ புத்தகத்திலோ போட்டிருக்கிற காற்றளவை, பின்னால் ஆள் உட்காருவதற்கு வேறு அளவு இருப்பதையும் பார்த்து, வாரம் ஒருமுறை நிரப்புங்கள். சைடு ஸ்டாண்டை எடுக்காமல் கிளம்பி இடது வளைவில் சாய்ந்தால் ஸ்டாண்டு தரையில் ஊன்றி வண்டியையே தூக்கி எறிந்துவிடும். பால் கேனும் புல்லுக்கட்டும் ஏற்றியிருந்தால் வழக்கமான வேகத்தில் எந்த வளைவையும் எடுக்கவே கூடாது. பின்னால் உட்காருகிறவர்களிடம் சொல்லிவையுங்கள்: வண்டி சாயும்போது பயந்து எதிர்ப்பக்கம் சாயக் கூடாது, ஓட்டுகிறவரோடு சேர்ந்து அசைய வேண்டும். ஏபிஎஸ் இருக்கிறது என்று நம்பி நுழைபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் அது கட்டாயம். சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை. சாய்ந்த டயருக்கு இல்லாத பிடிப்பை அது உண்டாக்கித் தராது.

குடி பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பைக்கில் வந்து, எல்லையோரக் கடைகளில் குடித்துவிட்டு, இருட்டிய பிறகு இதே ஏரிக்கரை வழியாகத் திரும்புகிறவர்கள் தினமும் இருக்கிறார்கள். நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். சட்டம் கிடக்கட்டும். குடித்தவனுக்கு வளைவின் தூரம் தப்பாகத் தெரிகிறது, கை தாமதிக்கிறது. நிதானத்தில் இருப்பவர்களே, இரவு எட்டுக்கு மேல் எதிரே வருகிறவன் தன் பக்கத்தில் வருவான் என்று நம்பி எந்த வளைவிலும் நுழையாதீர்கள்.

ஹெல்மெட்டை நாம் சண்டைப் பொருளாகவே ஆக்கிவைத்திருக்கிறோம். 2019 பிப்ரவரியில் கட்டாயம் என்றபோது சட்டமன்றத்துக்கு முன்னால் ஹெல்மெட்டைப் போட்டு உடைத்த ஊர் இது. 2025 ஜனவரி 12 முதல் மறுபடி கட்டாயம் என்றார்கள், ஆயிரம் ரூபாய் அபராதம் என்றார்கள். டவுனுக்குள் போலீஸைக் கண்டால் மாட்டுவதும், வில்லியனூர் தாண்டியதும் கழற்றிக் கண்ணாடியில் தொங்கவிடுவதும் நடக்கிறது. மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் மட்டும் நாட்டில் 74,897 பேர் இருசக்கர வண்டி விபத்துகளில் செத்தார்கள். ஹெல்மெட் போடாமல் செத்தவர்கள் 50,029. அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். வளைவில் விழுகிறவரின் தலை மதகுச் சுவரிலோ பனைமரத்திலோ போய் மோதுகிறது. பட்டி போடாத ஹெல்மெட் அதற்கு முன்பே கழன்று பறந்திருக்கும்.

பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் கியர் வண்டிச் சாவியைக் கொடுக்கிற அப்பாக்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில் உங்களுக்கு மூன்று வருஷம் வரை ஜெயிலும் 25,000 ரூபாய் அபராதமும் இருக்கிறது. கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம், அரியூர் என்று நம் பக்கமே கல்லூரிகள் நிறைந்துவிட்டன. காலை எட்டரைக்கும் ஒன்பதுக்கும் நடுவே இந்த ரோடுகளில் ஓடுவது பெரும்பாலும் இருபது வயதுப் பிள்ளைகள். பத்து நிமிஷம் முன்னாடி கிளப்பிவிடுங்கள்.

யாராவது வளைவில் விழுந்து கிடப்பதைப் பார்த்தால் முதலில் அடுத்த வண்டி அவர் மேல் ஏறாமல் தடுக்க வேண்டும். உங்கள் வண்டியை வளைவுக்கு முன்னாலேயே, வருகிறவர்களுக்குத் தூரத்திலிருந்து தெரிகிற இடத்தில், இண்டிகேட்டர் போட்டு நிறுத்துங்கள். முடிந்தால் மறுபக்கத்துக்கும் ஒரு ஆளை அனுப்புங்கள். மூச்சு விடச் சிரமம் இல்லாதவரை ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்காதீர்கள், கழுத்தை அசைக்காதீர்கள். போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டி வருமோ என்ற பயம் வேண்டாம். உதவி செய்கிறவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு காப்பாற்றுகிறது, பெயரைக்கூடச் சொல்லக் கட்டாயம் இல்லை. 108-க்கு அடிக்கும்போது ஊர்ப் பெயரோடு, பக்கத்தில் இருக்கிற கோயிலையோ பள்ளிக்கூடத்தையோ சொல்லுங்கள். நிற்கிற இடம் புதுச்சேரியா தமிழ்நாடா என்பதையும் கட்டாயம் சேர்த்துச் சொல்லுங்கள்.